யார் சொல்லும் கேளாத சோயா

முதல் வேலையாக ஒரு சீனப் பேரரசரைப் பதவியிலிருந்து இறக்க வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை.

அவர் பெயர் ஷென்னோங். கி.மு. 2838 இல் சோயா அவரையை ஐந்து புனிதத் தானியங்களில் ஒன்றாக அறிவித்தவர் இவர்தான், அதைப் பற்றி நூலும் எழுதிவைத்தார் என்று நெடுங்காலமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் கொப்பியடித்து வந்தார்கள். வருஷத்தைப் பாருங்கள், 2838! சும்மா 2800 என்றிருந்தால் யாருக்காவது சந்தேகம் தட்டியிருக்கும். அந்த 38 ஐச் சேர்த்தவன் பெரிய கெட்டிக்காரன். பேரரசரின் வயிறு கண்ணாடி போல இருக்குமாம். மூலிகையை விழுங்கிவிட்டு, உள்ளே போய் அது என்ன செய்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்வாராம். ஸ்கேன் எடுக்க டோக்கன் வாங்கிக்கொண்டு வாங்கில் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றின் அருமை தெரியும்.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் தியடோர் ஹைமோவிட்ஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். சோயாவின் குடும்ப விவகாரங்களைக் கிளறுவதே அவருக்கு வாழ்நாள் வேலை. அவர் தேடிப் பார்த்தால் நூலும் இல்லை, அப்படி ஒரு ராஜாவும் இல்லை. எல்லாம் பிற்காலத்தார் கட்டிய கதை. நம்பக்கூடிய சான்று கி.மு. 11 ஆம் நூற்றாண்டுப் பக்கத்தில்தான், வட சீனாவில் தொடங்குகிறது. ஒரே வெட்டில் 1,700 வருஷம் காலி! கொடியாகப் படர்ந்து கிடந்த காட்டுச் சோயாவைப் பிடித்துப் பழக்கியது அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள். அவர்கள் யாரும் சுயசரிதை எழுதவில்லை. வயலில் வேலை இருந்தது.

நாவிதன்வெளியில் இருந்துகொண்டு சீன ராஜாவின் வயிற்றைப் பற்றி உனக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். கல்முனையிலிருந்து கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டி வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல். நெல்லைத் தவிர வேறொன்றைப் பயிர் என்று ஒத்துக்கொள்ள எங்கள் வட்டைகளுக்கு மனம் வராது. ஆனால் சவளக்கடையில் எந்தக் கடைக்குப் போனாலும் சோயா மீட் பக்கெட் தோரணம் போலத் தொங்குகிறது. கிளினிக்குக்குப் போன கர்ப்பிணி திரும்பி வரும்போது கையில் சோயா கலந்த திரிபோஷாப் பக்கெட். வாய்க்குள் வந்துவிட்ட சோயா ஏன் வயலுக்குள் வரவில்லை என்று விசாரிக்கப் போனால், பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஹென்றி ஃபோர்ட், மகாத்மா காந்தி என்று வி.ஐ.பி.கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். எல்லோரும் இந்தப் பயறுக்கு உத்தரவு போட்டுப் பார்த்தவர்கள். பயறோ எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: ‘அதெல்லாம் இருக்கட்டும், உங்கள் ஊரில் ராத்திரி எத்தனை மணித்தியாலம்?’

கேள்வி புரிய அவர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

சோயாவை அமெரிக்காவுக்கு முதலில் கொண்டுவந்தவர் சாமுவேல் பொவன். கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலில் சீனா போனவர். அங்கே தன்னைச் சிறைபிடித்து நாலு வருஷமளவு ஊர் ஊராக இழுத்துத் திரிந்தார்கள் என்று சொல்லிக்கொண்டார். 1765 இல் ஜோர்ஜியாவில் விதைக்க வைத்தார், சோயா சோஸ் காய்ச்சினார், வெர்மிசெல்லி செய்தார், லண்டனுக்கு அனுப்பினார். தங்கப் பதக்கம் வந்தது, காப்புரிமை வந்தது, மூன்றாம் ஜோர்ஜ் மன்னரிடமிருந்து 200 கினி பரிசும் வந்தது. கொஞ்ச நாளில் அதே மன்னரோடு அமெரிக்கர்கள் சண்டைக்குப் போய்விட்டார்கள். 1777 இல் பொவன் கண்ணை மூடினார். சோஸ் வியாபாரத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார் போல.

இடையில் ஃபிராங்க்ளின் வருகிறார். மின்னலைப் பட்டத்தில் கட்டிப் பிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான். 1770 ஜனவரியில் லண்டனிலிருந்து பிலடெல்பியாவில் இருந்த நண்பர் ஜோன் பார்ட்ரமுக்குக் கொஞ்சம் சீனப் பயறும் ஒரு கடிதமும் அனுப்பினார். இதிலிருந்து ‘தவ்-ஃபூ’ என்றொரு பாலாடைக்கட்டி செய்கிறார்களாம் என்று அதில் ஆச்சரியப்பட்டிருந்தார். செய்முறையை எங்கே பிடித்தார்? சீனாவில் பல வருஷம் இருந்த ஃபிளின்ட் என்பவரிடம் கேட்டு வாங்கினார். அந்த ஃபிளின்ட் யார்? நம்ம பொவனின் கூட்டாளி! ஆக அமெரிக்கச் சோயாவின் ஆதிகால வரலாறு முழுவதும் ஒரே வட்ஸ்அப் குரூப்புக்குள் நடந்திருக்கிறது. ஃபோவர்ட் பண்ணியவர்தான் பேர் வாங்கிவிட்டார்.

பொவனாவது சூடான ஜோர்ஜியாவில் விளையாடினார். குளிர் நாட்டில் சோயாவோடு மல்லுக்கு நின்ற முதல் பெரிய மனிதர் ஃபிரெட்ரிக் ஹாபர்லாண்ட், வியன்னாவில் விவசாயப் பேராசிரியர். 1873 இல் அங்கே உலகக் கண்காட்சி நடந்தது. மற்றவர்கள் ஜப்பானிய விசிறியும் சீனப் பீங்கானும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக, இவர் ஜப்பான், சீனா என்று அடுக்கியிருந்த இடங்களிலிருந்து இருபதளவு சோயா வகைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். 1875 இல் ஊன்றினார். நாலு வகைதான் முற்றின. மிச்சமெல்லாம் பச்சைப் பசேலென்று நின்று பனியில் செத்தன. இருபதுக்கு நாலு என்றால் எங்கள் வீடுகளில் அன்றிரவு சோறு கிடைக்காது. பேராசிரியரோ பூரித்துப்போனார். ஆஸ்திரியா, ஹங்கேரி எங்கும் விதையைத் தபாலில் அனுப்பி, பட்டாளத்துக்கும் ஏழைக்கும் இனி இதுதான் சாப்பாடு என்று கனவு கண்டு, 1878 இல் தடித்த புத்தகமாகப் போட்டு, அதே வருஷம் காலமானார். இன்று தாவரவியல் மாணவர்களிடம் ஹாபர்லாண்ட் என்றால் அவருடைய மகன் கொட்லிபைத்தான் சொல்வார்கள், திசு வளர்ப்பின் தந்தை என்று. சோயாவின் ஐரோப்பியத் தந்தைக்குச் சொந்த வீட்டிலேயே போட்டி.

மற்றப் பதினாறும் ஏன் முற்றவில்லை? வெயில் போதாது, சூடு காணாது என்று அப்போது எல்லோரும் வானத்தைத்தான் திட்டினார்கள். பாதி சரி. மிச்சப் பாதியைக் கண்டுபிடித்தது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் இரண்டு உத்தியோகத்தர்கள், வைட்மன் கார்னர், ஹரி அலார்ட். இவர்களிடம் கொஞ்சம் ஆறுதலாக நிற்போம். உலகச் சரித்திரத்தில் இவ்வளவு சிரிப்பான ஒரு பரிசோதனையை இவ்வளவு சீரியஸான முகத்தோடு செய்தவர்கள் அதிகம் இல்லை.

வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில், ஆர்லிங்டன் என்ற இடத்தில் திணைக்களத்தின் பண்ணை. பிற்காலத்தில் அந்த நிலத்தை இராணுவத்துக்குக் கொடுத்தார்கள்; அந்தப் பக்கத்தில்தான் பென்டகன் எழும்பியது. அங்கே இவர்களுக்கு இரண்டு தலைவலி. ஒன்று, கோடையெல்லாம் பூக்காமல் உயர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை. மற்றது, பிலொக்ஸி என்ற சோயா. அதை அறுவடை ஒன்றாக வந்து குவியாமலிருக்க நாள் தள்ளித் தள்ளி விதைத்தார்கள். வசந்தத்தில் விதைத்தது செப்டெம்பரில் பூத்தது. ஆனியில் விதைத்தது? செப்டெம்பரில் பூத்தது. ஆடியில் விதைத்தது? அதுவும் செப்டெம்பர்! முந்திப் பிறந்த அண்ணனும் பிந்திப் பிறந்த தம்பியும் ஒரே முகூர்த்தத்தில்தான் கலியாணம் முடிப்போம் என்று அடம் பிடித்தால் வாப்பா என்ன செய்வார்?

தண்ணீரை மாற்றினார்கள், உரத்தை மாற்றினார்கள், சூட்டை மாற்றினார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை. 1918 ஜூலையில் ஜன்னல் இல்லாத ஒரு சின்னக் குடிலைக் கட்டினார்கள். நாய்க்கூட்டைவிடக் கொஞ்சம் பெரிது. பின்னேரம் நாலு மணிக்குச் சாடிகளைத் தூக்கி இருட்டுக்குள் வைப்பது, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுப்பது. ஒரு பக்கம் முதலாம் உலகப்போர் எரிந்துகொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் அரசாங்கச் சம்பளத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் புகையிலைக்கும் சோயாவுக்கும் தாலாட்டுப் பாடுகிறார்கள். வீட்டில் அந்தம்மாமார் ‘இன்றைக்கு ஒபீசில் என்ன வேலை?’ என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்களோ.

பூத்துவிட்டது. நடுக் கோடையில், செப்டெம்பருக்காகக் காத்திராமல் பூத்துவிட்டது. செடி நாளைப் பார்க்கிறது, பகலும் இரவும் எவ்வளவு நீளம் என்று அளக்கிறது என்று 1920 இல் அறிக்கை போட்டார்கள். அதற்குப் பிறகு 1938 இல் ஹம்னர், பொனர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொரு செடியை வைத்து அளந்து காட்டியது இன்னும் விசேஷம்: கணக்கு பகலில் இல்லை, ராத்திரியில். நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் லைட்டைப் போட்டுவிட்டால் போதும், செடிக்குக் கணக்குத் தப்பிவிடும். இன்றைக்கும் அமெரிக்காவில் வீதி விளக்கின் கீழே நிற்கும் சோயா, வயல் முழுவதும் காய்ந்து அறுவடைக்கு நிற்கும்போது தான் மட்டும் பச்சையாக நிற்கும். முனிசிபல் லைட்டை நம்பிக் கெட்ட பயிர்.

இப்போது எங்கள் ஊர் வானத்துக்கு வருவோம். நாவிதன்வெளிச் சூரியனுக்கு ஓவர்டைம் கிடையாது. ஆறு மணியளவில் வரும், ஆறு மணியளவில் போகும். வருஷத்தின் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட வராது. ராத்திரி எப்போதும் நீளம்தான். வடக்கில் பிறந்த சோயாவை இங்கே கொண்டுவந்து ஊன்றினால் அது தலையை நீட்டி, ‘ஐயோ, இவ்வளவு நீள இரவா, பனிக்காலம் வந்துவிட்டதே!’ என்று பதறி, முழங்கால் உயரம்கூட வளராமல் பூத்துக் காய்த்து முடித்துவிடும். நாலு காய்க்கு எட்டு இலை. மாறாக, தெற்குச் சோயாவை வடக்கே கொண்டுபோனால் அது கோடையெல்லாம் சாவகாசமாக வளரும், இரவு நீளட்டும் என்று காத்திருக்கும். இரவு நீளும்போது பனியும் வந்து நிற்கும்.

இதனால் சோயாவுக்கு அமெரிக்கர்கள் சைஸ் வைத்தார்கள். கனடாவின் அவசரக்காரப் பயறுகளுக்கு 000, வெப்ப வலயத்து ஆறுதல்காரர்களுக்கு 10 வரை. முதலில் இத்தனை பூச்சியம் கிடையாது. வடக்கே போகப் போக, சைஸ் போதாமல் பூச்சியத்தைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். துணிக்கடையில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எல் வந்த கதைதான், மற்றப் பக்கமாக.

சரி, சின்னப் பூச்சியங்கள் எங்கிருந்து வந்தன? 1929 இல் விவசாயத் திணைக்களம் இரண்டு பேரை விதை பொறுக்க ஆசியாவுக்கு அனுப்பியது: முதியவர் டோர்செட், சோயாவே உலகம் என்று இருந்த வில்லியம் மோர்ஸ். மோர்ஸ் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வருஷம் குடும்பத்தோடு ஜப்பான், கொரியா, மஞ்சூரியா. 4,500 அளவில் சோயா மாதிரிகள் சேர்ந்தன. டோர்செட் நோய்ப்பட்டுச் சாவின் விளிம்பு வரை போய் வந்தார். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த விதைகளுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். ஊன்றிப் பார்த்தார்கள், ‘இது சரிவராது’ என்று தோன்றியதை எறிந்தார்கள். சோயாவுக்கு ஒழுங்கான விதைச் சேகரம் அங்கே தொடங்கியதே 1949 இல். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. அலுவலகம் இடம் மாறும்போது பழைய ஃபைல் காணாமல் போவது எங்கள் நாட்டு வியாதி மட்டும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதே காலத்தில் மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டுக்குச் சோயாப் பைத்தியம் பிடித்தது. நூற்றுக்கணக்கான வகைகளை நட்டுப் பார்த்தார். 1934 இல் சிக்காகோ கண்காட்சியில் விருந்தொன்று வைத்தார். தொடக்கத் தக்காளிச் சாறிலிருந்து கடைசிக் கோப்பி வரை எல்லாவற்றிலும் சோயா. வந்தவர்கள் மரியாதைக்காரர்களாக இருந்திருக்க வேண்டும், சாப்பிட்டார்கள். சோயா நார் கலந்த கோட் சூட் தைத்துப் போட்டார். சோயா சேர்த்த பிளாஸ்டிக்கால் காரின் பின்மூடி செய்து, 1940 இல் கமராக்காரர்களைக் கூப்பிட்டுக் கோடரியை ஓங்கி அதன்மேல் ஒரு போடு போட்டார். மூடி உடையவில்லை! உலகம் வாய் பிளந்தது. அந்தக் கோடரியின் முனைக்கு ரப்பர் போட்டிருந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அடுத்த வருஷம் முழுக் காரே வந்தது. ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள், அதையும் பிறகு அழித்துவிட்டார்கள்.

ஃபோர்டுக்கு இருந்த காசில் நூறில் ஒரு பங்குகூட இல்லாமல், கமராவும் இல்லாமல், கோடரியும் இல்லாமல் உண்மையில் சோயாவை வடக்கே நகர்த்தியவர் ஸ்வீடனில் இருந்தார். பெயர் ஸ்வென் ஹோம்பர்க். நோர்ஷோப்பிங் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபிஸ்கேபி என்ற பண்ணை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: வட அகலக்கோடு 58 ஐத் தாண்டுகிறது. நடுக் கோடையில் பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் பகல். பஞ்சாபுக்காரனே சோயாவுக்கு யோசிக்கும்போது இந்த மனிதர் ஆர்க்டிக் வட்டத்தை அடுத்த வீடாக வைத்துக்கொண்டு சோயா ஊன்றுகிறார். ஸ்வீடன் விவசாயிகள் யாராவது கேட்டார்களா? கோதுமை இருந்தது, ஓட்ஸ் இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது. ஊரில் ஒருத்தரும் கேளாத பயறுக்குப் பல பத்தாண்டுகளைக் கொடுக்க ஒரு தனி வகை மனம் வேண்டும்.

அவருக்கு இரண்டு வில்லன்கள். ஒன்று இரவு, அதைச் சொல்லிவிட்டேன். இரவின் நீளத்தைச் சட்டை செய்யாத செடி வேண்டும். மற்றது, பூக்கும் நேரத்துக் குளிர். செடி பூத்தாலும் இரவுக் குளிர் பட்டால் பூ கொட்டிவிடும், காய் பிடிக்காது. அதற்கு ஜப்பானின் வட கோடி, சகலின் என்று ஏற்கெனவே நடுங்கிப் பழகிய பயறுகளைத் தேடி எடுத்து, மத்திய ஐரோப்பாவில் அவசரமாக முற்றும் பயறுகளோடு சோடி சேர்த்தார். சோயாவின் பூ ஒரு நெல்மணி அளவுகூட இல்லை. தானே தன்னை மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பூ அது. மொட்டு விரிவதற்குள் இதழைப் பிரித்து, மற்றச் செடியின் தூளை இடுக்கியால் தடவ வேண்டும். தடவிய பூக்களில் பாதி கொட்டிவிடும். நின்றதில் கிடைப்பது இரண்டு மூன்று விதை. இதை வருஷம் வருஷமாகச் செய்கிறவருக்கு உலகச் செய்திகள் எல்லாம் கொஞ்சம் அற்பமாகத்தான் தெரிந்திருக்கும்.

பிறந்த பிள்ளைகளுக்கு ஃபிஸ்கேபி மூன்று, ஃபிஸ்கேபி ஐந்து என்று பேர். இன்னொன்றுக்கு அதுவும் இல்லை: 840-7-3. பஸ் டிக்கட்டில்கூட இதைவிட நல்ல நம்பர் வரும். 1973 இல் எல்லாவற்றையும் ஒரு கட்டுரையாக எழுதினார். ஸ்வீடன் சோயா நாடாகிவிட்டதா? இல்லை. அவர்கள் ஓட்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு அப்படியேதான் இருந்தார்கள்.

ஆனால் அந்த 840-7-3 கப்பலேறி ஒட்டாவாவுக்குப் போனது. கனடாவில் அதுவரை சோயா ஒன்டாரியோவின் தென்மேற்கு மூலையில், அமெரிக்காவுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் ஒதுங்கிக் கிடந்தது. ஒட்டாவா ஆராய்ச்சி நிலையத்தில் ஹார்வி வோல்டெங் என்ற இனவிருத்தியாளர், ஹாரோசோய் 63 என்ற உள்ளூர்க்காரிக்கும் இந்த நம்பர்கார ஸ்வீடன் மாப்பிள்ளைக்கும் முடிச்சுப் போட்டார். 1976 இல் பிள்ளை: மேப்பிள் ஆரோ. அதன் பிறகு சோயா கிழக்கு ஒன்டாரியோவுக்கு நடந்தது, கியூபெக்குக்கு நடந்தது. அவசரக்காரப் புது இனங்கள் வர வர, வின்னிபெக் இருக்கும் மனிடோபாவுக்கே போய்விட்டது. அங்கே 2013 இல் பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டியது. வின்னிபெக்கில் ஸ்னோ தள்ளும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் கோடையில் காரில் போகும்போது வீதிக்கு இரண்டு பக்கமும் பார்க்கும் அந்தப் பச்சை, ஸ்வீடனில் ஒருத்தரும் கேட்காத பயறின் பேரப்பிள்ளைகள்.

இன்னும் இருக்கிறது. ஃபிஸ்கேபி மூன்றைப் பிற்காலத்தில் வட கரோலினாவின் சூட்டில் வைத்துப் பரிசோதித்தால், அது வரட்சியையும் தாங்குகிறது, உப்பு மண்ணையும் தாங்குகிறது, காற்றிலுள்ள ஓசோன் நஞ்சையும் தாங்குகிறது. குளிருக்கென்று வளர்த்த பிள்ளை. இதெல்லாம் வரும் என்று ஹோம்பர்க் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார். இனவிருத்தியில் இதுதான் தொல்லை, கேட்டது வராது, கேளாதது வரும்.

வடக்குக்காரர்கள் அவசரத்தைத் தேடினார்கள் என்றால் பிரேசில்காரர்கள் சோம்பேறித்தனத்தைத் தேடினார்கள். அவர்களுக்கும் எங்களைப் போல நீள இரவு. கொண்டுவந்த அமெரிக்கச் சோயா எல்லாம் குட்டையாக நின்று பூத்தது. ரொமேயு கீல் என்ற இளைஞர் மிசிசிப்பிக்குப் போய், எட்கர் ஹார்ட்விக் என்ற பெரியவரிடம் வேலை பழகி, இரவு எவ்வளவு நீண்டாலும் ‘நான் இன்னும் சின்னப்பிள்ளை’ என்று பூக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும் குணத்தைப் பிடித்தார். அந்தக் குணம் ஏற்கெனவே ஒரு பயறில் இருந்தது. இதை ஏற்றியதும் பூமத்திய ரேகை வரை சோயா ஓடியது. இன்றைக்கு உலகத்தில் சோயாவில் முதலிடம் பிரேசிலுக்கு. வளர்ந்த பிள்ளை கலியாணம் முடிக்காமல் வீட்டில் இருக்கிறானே என்று ஏங்கும் உம்மாமார் கவனிக்க: அந்தக் குணத்தால் ஒரு நாடே பணக்கார நாடாகியிருக்கிறது.

இந்தப் பக்கம் 1935 இல் காந்தி வார்தாவில் மகன்வாடி ஆசிரமத்தாருக்குச் சோயா கொடுத்துப் பார்த்து, ஹரிஜன் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். ஏழைக்கு மலிவான புரதம் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். அவித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சோயா லேசில் வேகாது, வெந்தாலும் ஒரு பச்சை வாடை போகாது. ஆசிரமத்தில் அதைச் சொல்லவும் முடியாது. இந்தியாவில் சோயா உண்மையில் பரவியது பிற்பாடு, மத்தியப் பிரதேசத்தில் எண்ணெய் ஆலைகள் வந்தபோது. எண்ணெய் மனிதருக்கு, புண்ணாக்கு ஏற்றுமதிக்கு. மகாத்மா ஏழைக்கு என்று பார்த்துவைத்த பயறு, பிறநாட்டு இறைச்சிக் கோழிக்குத் தீனியாயிற்று.

இலங்கைக்கு வந்த சோயாவில் ஊன்றி நின்றது பஞ்சாப் 1, எங்கள் விவசாயத் திணைக்களத்துப் பாஷையில் பிபி-1. லூதியானாவில் தெரிந்தெடுத்தது, அதன் மூலம் நான்கிங் என்ற சீனப் பயறு. பெயரில் பஞ்சாப், வம்சத்தில் சீனம், விலாசம் அனுராதபுரம். இலினோய் பல்கலைக்கழகத்து ஆட்கள் 1970 களில் வந்தார்கள், கன்னொறுவையில் சோயாவுக்கென்று சமையல் ஆராய்ச்சியே நடந்தது. திரிபோஷா 1973 இல் தொடங்கியது, சோளமும் சோயாவும். 750 கிராம் பக்கெட், தாய்க்கும் பிள்ளைக்கும். சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்தால் வாப்பாவும் ஒன்று, மூத்தப்பாவும் ஒன்று, கடைசியில் நிறை குறைந்த பிள்ளைக்குப் பக்கெட்டில் ஒட்டினது.

காலத்தையும் பாருங்கள். பாணுக்குக் கியூ நின்ற எழுபதுகள். அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்ததுக்குக் கொண்டுபோகத் தடை, பஸ்ஸில் அரிசியைத் தங்கம் போல ஒளித்துக்கொண்டு போன காலம். எங்கள் அம்பாறைக்காரனிடம் அந்தத் தங்கம் வயலில் விளைந்தது. அவனிடம் போய், ‘நெல்லை விட்டுவிட்டுச் சோயா போடு’ என்று சொல்ல எந்த அதிகாரிக்கு வாய் வரும்?

புது இனம் என்றால் எங்கள் வட்டைக்காரர்களுக்குப் பயம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நெல்லில் அவர்களைப் போல ஃபேஷன்காரர்கள் கிடையாது. பழைய பெரும்போக நெல்லும் சோயா மாதிரி நாளைப் பார்த்துப் பூத்த ஜாதிதான். பத்தலகொடையில் முருங்கைக்காயனையும் இந்தோனேசியாவின் மாஸையும் சேர்த்து எச்-4 ஐ 1958 இல் வெளிவிட்டார்கள், பிடித்துக்கொண்டார்கள். பிறகு பீஜி 94-1, பீஜி 300, ஏடி 362 என்று ஃபோன் மொடல் மாற்றுவது போல மாற்றிக்கொண்டே வந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் குந்தியிருக்கும் எந்தப் போடியாரும் நம்பரைச் சொன்னால் வயது, விளைச்சல், எந்தப் பூச்சிக்கு எது தாங்கும் என்று ஒப்புவிப்பார்.

சோயாவுக்கு இங்கே வேறு குழப்பங்களும் உண்டு. சூடும் ஈரமும் சேர்ந்த எங்கள் காற்றில் சோயா விதை சில மாதத்தில் முளைப்புத் திறனைத் தொலைத்துவிடும். நெல்லைப் போல மூடையில் கட்டி அடுத்த போகத்துக்கு வைக்க முடியாது. வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றிலிருந்து நைதரசன் பிடிக்கும் என்பது அதன் பெரிய விளம்பரம். ஆனால் அந்த வேலையைச் செய்யும் பக்டீரியா எங்கள் மண்ணில் பிறவிக் குடி இல்லை, விதையில் பூசி அழைத்து வர வேண்டும். 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்து ஊரே யூரியாவுக்கு ஏங்கிய அந்த மாதங்களில், யூரியா கேளாத பயிர் ஒன்று இருக்கிறது என்று சோயாவுக்காகப் பேச ஒரு குரலாவது எழும்பியிருக்கலாம். எங்கள் பக்கம் என் காதில் விழவில்லை.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைவு, மறுபயிர் போடுங்கள் என்று கூட்டம் வைப்பார்கள். அப்படி ஒன்றில் விவசாயப் போதனாசிரியர் சோயாவின் அருமை பெருமைகளை அடுக்கினார்: நூற்றுக்கு 40 புரதம், 20 எண்ணெய், மண்ணுக்கும் நல்லது. பின் வரிசையில் இருந்த ஒரு போடியார் மெதுவாக எழும்பினார்.

“சேர், இத எங்க விக்கிற?”

“வாங்குற கம்பனி இருக்கு போடியார், ஒழுங்கு செய்யலாம்.”

“விதை?”

“அதுவும் திணைக்களத்தால எடுத்துத் தரலாம்.”

“முளைச்சு வரக்குள்ள மயில் திங்குமா?”

போதனாசிரியர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்து, “ஓம், சோயாக் குருத்தெண்டா மயிலுக்கு விருப்பம்தான்” என்றார்.

“அப்ப மயில்ட பேர எழுதிக்கங்க சேர், முதலாவது பயனாளி. எனக்கு 94-1 இல ரெண்டு மூடை விதை நெல்லுக்குப் போடுங்க.”